ஐந்தரைக் கட்டை, கால் மாத்திரை, இரவு

டீச்சர் வீட்டில் பாட்டு வகுப்பு தொடங்கும் முன்னால் குளிர்பெட்டியை அணைக்க வேண்டும். அன்றைக்கு யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய் சுவிட்சைத் தட்டுவோம். அந்த 'ம்ம்ம்' நின்றதும் வீடே ஒரு மூச்சு விட்ட மாதிரி இருக்கும். அதற்கப்புறம்தான் சுருதிப் பெட்டி.

"அது அஞ்சு கட்டைக்கு ஒரு பொடி மேல நிக்குதும்மா. நீ அஞ்சு கட்டையில பாடும்போது அது காதைப் பிடிச்சு இழுக்கும். உனக்கே தெரியாம ஏறிடுவ" என்று குளிர்பெட்டியைப் பற்றி டீச்சர் சொல்வார். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண். எண் ஏறினால் சுருதி ஏறும்.

சிறுமியாக இருந்தபோது இதை டீச்சரின் வழக்கங்களில் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். பல வருடம் கழித்து வேலையிடத்தில் ஒரு பொறியாளர் நண்பரிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது அவர் தாளில் போட்டுக் காட்டினார். சிங்கப்பூர் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அதனால் வீட்டுச் சாதனங்களின் முனகல் 50 அல்லது 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். ஐந்து கட்டையின் கீழ் ஸ்தாயிகள் 49, 98 ஹெர்ட்ஸ். அதாவது முனகல் ஒரு பொடி மேலே. டீச்சருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அவர் கேட்டார், அவ்வளவுதான்.

டீச்சர் 2025 ஏப்ரலில் காலமானார். 81 வயது. அங் மோ கியோவில் நாலாவது மாடி வீட்டில், கணவர் தவறிய பிறகு தனியாகத்தான் இருந்தார். மகன் ஆஸ்திரேலியாவில். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். வந்த இரண்டாம் வருடமே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சரளி வரிசை சொல்லிக் கொடுக்க ஆரம்பித்து, விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போன வாரம் வரை நிறுத்தவில்லை. மேடை, பட்டம், பத்திரிகைப் படம் என்று எதுவும் அவருக்கு இல்லை. எங்களைப் போல நூற்றுக்கணக்கான பிள்ளைகளும், புளோக்கின் கீழே வரிசையாக வந்த பூனைகளும்தான் இருந்தோம்.

நான் அவரிடம் சேர்ந்தது 1987-இல், ஒன்பது வயதில். விஜயதசமி அன்று அப்பா கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். வெற்றிலை பாக்கு, பழத்தட்டு எல்லாம் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு பூனை தட்டில் இருந்த வாழைப்பழத்தை மோந்து பார்த்தது. அம்மா பதறினார். டீச்சர் அதைத் துரத்தவில்லை. "அது பழம் திங்காது. பார்த்துட்டுப் போயிடும்" என்றார். அது பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மறு வருடம் எங்களை மண்டாய் விலங்குத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஏழு பேர், ஒரே பேருந்தில். காரணம் இதுதான்: ஏழு சுரத்துக்கும் ஏழு உயிர்களின் குரலைச் சொல்லும் பழைய மரபு ஒன்று உண்டு. மயில் சட்ஜம், காளை ரிஷபம், ஆடு காந்தாரம், கிரௌஞ்சப் பறவை மத்திமம், குயில் பஞ்சமம், குதிரை தைவதம், யானை நிஷாதம். அதைச் சொல்லிக் கொடுத்த நாளில் எங்களில் ஒருத்தி, "யானை நிஜமாவே நி பாடுமா டீச்சர்?" என்று கேட்டாள். "தெரியலையே, போய்க் கேட்டுடுவோம்" என்றார். அந்தச் சனிக்கிழமையே கிளம்பிவிட்டோம்.

யானை பிளிறவில்லை. ஒன்றரை மணி நேரம் நின்றோம். தும்பிக்கை வழியாக அது மூச்சு விடும் சத்தமும் காது விசிறும் சத்தமும் மட்டும்தான். வெயிலில் எங்களுக்குச் சலித்துவிட்டது. டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். கடைசியில், "சரி, இன்னிக்கு அதுக்குப் பேச மனசில்ல. அதுக்காக நாம கத்தி எழுப்பக் கூடாது" என்று சொல்லி ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அந்த வயதில் அது எனக்கு ஏமாற்றம். இன்று என் மகள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் நாட்களில் அந்தக் கம்பியும் அவர் கையும்தான் நினைவுக்கு வருகின்றன.

குயிலுக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. அங் மோ கியோவில் விடியற்காலை ஐந்து மணிக்கே கூவ ஆரம்பித்துவிடும். தூக்கம் கெடுகிறது என்று புளோக்கில் எல்லாரும் முணுமுணுப்பார்கள். டீச்சர் அதைப் பாடமாக்கிவிட்டார். ஆண் குயில் ஒவ்வொரு கூவலையும் முந்தையதைவிடக் கொஞ்சம் மேலே தொடங்கும். ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிறுத்திவிடும். "முதல் கூவல் எங்க இருந்துச்சு, கடைசிக் கூவல் எங்க நின்னுச்சு? பாடிக் காட்டு" என்பார். கண்டுபிடிக்கவே முடியாது என்று நினைப்போம். ஒரு மாதத்தில் முடிந்தது. பிள்ளைகளுக்குச் சுருதி சேரவில்லை என்று வருந்தும் பெற்றோர் யாராவது இதைப் படித்தால் செய்து பாருங்கள். செலவில்லை. மின்தூக்கியின் மணி, எம்ஆர்டி ரயில் கதவு மூடும் ஓசை, அரிசி குக்கரின் முனகல் எதுவானாலும் சரி. கேட்ட உடனே வாயைத் திறக்க விடாதீர்கள். முதலில் மனசுக்குள், அப்புறம் மெதுவாக முனகல், அதற்கப்புறம்தான் குரல். இந்த வரிசையை அவர் ஒரு நாளும் மாற்றியதில்லை.

பூனைகளுக்கு அவர் பெயர் வைக்கமாட்டார். பெயர் வைத்தால் நம்முடையது ஆகிவிடும், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்பது அவர் நியாயம். ஆனால் எதையாவது சொல்லித்தானே கூப்பிட வேண்டும்? அவை கத்தும் சுருதியைச் சொல்வார். கறுப்புக் கடுவன் 'ஒண்ணரை'. காப்பிக்கடைப் பக்கமிருந்து வரும் மஞ்சள் பூனை 'நாலு'. படிக்கட்டுக்கு அடியில் குட்டி போட்ட மூவண்ணப் பூனை 'ஆறு'. வீட்டுக்குள் இருந்த சாம்பல் பூனை 'அஞ்சரை'. ஆர்மோனியத்தில் தட்டிப் பார்த்தால் அநேகமாகச் சரியாக இருக்கும். பொழுதுபோக்குக்குச் செய்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் மாலை கீழே சாப்பாடு வைக்கும்போது நின்றுவிட்டார். "ஒண்ணரை ஒண்ணரையா இல்ல. கரகரன்னு கீழ போயிருக்கு." எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பூனை வழக்கம்போல வந்தது, தின்றது. மறுநாள் வாசனை பிடிக்க முடியாமல் உணவை மோந்து மோந்து விட்டுப்போனது. பிடித்து மருத்துவரிடம் கொண்டுபோனோம். மூச்சுக்குழாய்த் தொற்று, ஆரம்ப நிலை. இரண்டு வாரத்தில் தேறிவிட்டது. பூனை நோயை மறைக்கும் பிராணி. அது படுத்துவிட்ட பிறகு நமக்குத் தெரிந்தால் பாதி நேரம் கடந்திருக்கும். குரல், தண்ணீர் குடிக்கும் அளவு, மண் தட்டுக்குப் போகும் தடவை ஆகிய மூன்றில் ஏதாவது மாறினால் காத்திருக்காமல் காட்டிவிட வேண்டும் என்பதை நான் அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

சாப்பாடு வைப்பதிலும் அவருக்கு ஒரு தாளக்கட்டு உண்டு. மாலை 6:10. மழையோ காய்ச்சலோ தீபாவளியோ, 6:10 தான். பழைய செய்தித்தாளை நாலாக மடித்து, ஒவ்வொரு பூனைக்கும் ஒரு தாள். பதினைந்து நிமிடம் பக்கத்துக் கல் இருக்கையில் உட்கார்ந்திருப்பார். தின்று முடித்ததும் தாளைச் சுருட்டிப் பையில் போட்டு, சிந்தியதைத் துடைத்து, குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுத்தான் மேலே போவார். ஒரு பருக்கைகூடக் கிடக்காது. பூனைகளால் அசுத்தம் என்று புளோக்கில் ஒருவர் புகார் எழுதியபோது டீச்சர் சண்டைக்குப் போகவில்லை. அவரையே ஒரு நாள் 6:10-க்கு வந்து பார்க்கச் சொன்னார். வந்தார், பதினைந்து நிமிடம் நின்றார், போனார். புகார் அத்தோடு நின்றது. வைத்துவிட்டுப் போகிறவர்களால்தான் எறும்பும் கரப்பானும் புறாவும் வருகின்றன. பூனைகளுக்குக் கெட்ட பேர் அப்படித்தான் வருகிறது.

புறா என்றதும் ஒன்று. அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பது அவர் வீட்டு வழக்கம். இங்கே பறவைகளுக்கு உணவு போடுவது சட்டப்படி குற்றம் என்று யாரோ சொன்னதும் நிறுத்திவிட்டார். மனசு சங்கடப்பட்டது என்பது முகத்தில் தெரிந்தது. அந்தச் சோற்றைத் தான் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "அவங்களுக்குப் புரியும்" என்று மட்டும் சொன்னார்.

பால் கதையும் அப்படித்தான். நம் வீடுகளில் பூனை என்றாலே பால். டீச்சரும் ஆரம்ப காலத்தில் கிண்ணம் கிண்ணமாக வைத்தவர்தான். வளர்ந்த பூனைகள் பெரும்பாலானவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும் என்று கால்நடை மருத்துவர் ஒருவர் விளக்கியிருக்கிறார். அன்று மாலையே பால் நின்றது. "இத்தனை வருஷம் அபஸ்வரமா பண்ணியிருக்கேன்" என்று எங்களிடம் சொன்னார். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம் இது. எழுபது வயதிலும், தான் செய்தது தப்பு என்று தெரிந்தால் மாற்றிக்கொள்ள ஒரு நாள்கூட எடுத்துக்கொள்ளமாட்டார். ஒரு குரு பூர்ணிமாவுக்கு மாணவர் ஒருவர் பெரிய பூங்கொத்தோடு வந்தார். நடுவில் லில்லிப் பூக்கள். டீச்சர் கும்பிட்டு வாங்கினார், வாங்கிய கையோடு வெளியே நடைபாதையில் வைத்துக் கதவைச் சாத்தினார். லில்லியின் மகரந்தம் ரோமத்தில் பட்டு அதை நக்கினால்கூடப் பூனையின் சிறுநீரகம் போய்விடும். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமோலும் பூனைக்கு விஷம். பூனை இருக்கும் வீட்டுக்குப் போகிறவர்கள் இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள்.

இங்குள்ள தெருப்பூனைகளின் வால் வளைந்தும் குட்டையாகவும் இருப்பதைப் பார்த்து யாரோ அடித்து ஒடித்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பிறவியிலேயே அப்படித்தான். ஆனால் இடது காதின் நுனி நேராக வெட்டியிருந்தால் அது மனிதர் செய்தது, நல்லதுக்காகச் செய்தது. கருத்தடை முடிந்த பூனை என்று அடையாளம். டீச்சரின் கீழ்த்தளப் பூனைகள் எல்லாவற்றுக்கும் இடது காது வெட்டியிருந்தது. பூனை நல அமைப்பினரின் உதவியோடு பிடித்து, கருத்தடை செய்து, அதே இடத்தில் விடுவது. பிடிப்பதற்கு முந்தின இரவு சாப்பாடு கிடையாது. பசி இருந்தால்தான் கூண்டுக்குள் வரும், மயக்க மருந்துக்கும் வெறும் வயிறு வேண்டும். கூண்டு மூடியதும் மேலே ஒரு துண்டைப் போட்டுவிட வேண்டும். இருட்டானால் அடங்கிவிடும். துண்டைப் போட்டதும் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து மந்திர ஸ்தாயியில், தாழ்ந்த குரலில், ஏதாவது முனகுவார். என்ன ராகம் என்று கேட்டால், "ராகமெல்லாம் இல்லம்மா, சும்மா பக்கத்துல ஆள் இருக்குன்னு" என்பார்.

இந்த வேலையில் அவருக்குத் துணை, அதே மாடியில் இருந்த சீன ஆன்ட்டி. அவருக்குத் தமிழ் தெரியாது, டீச்சருக்குச் சீனம் தெரியாது, இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. சந்தை மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். "கூச்சிங் சுடா மாக்கான்?" பூனை சாப்பிட்டாச்சா? "சுடா." முப்பது வருட நட்பில் பெரும்பகுதி இந்த மூன்று சொல்லில் ஓடியிருக்கிறது. அதுவே டீச்சரின் உயிரைக் கொஞ்ச நாள் நீட்டியும் கொடுத்தது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் அஞ்சரை. 1989 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. அஞ்சரை குட்டியாகச் சாக்கடை ஓரம் கிடந்தபோது எடுத்து வந்தது அந்தக் காலத்தில்தான். பதினைந்து வருடம் மறைவாகவே வளர்ந்தது. அழைப்பு மணி அடித்தால் டீச்சர் முகம் மாறும். 2024 செப்டம்பரில் சட்டம் மாறியது. ஒரு வீவக வீட்டில் இரண்டு பூனை வரை வளர்க்கலாம், மைக்ரோசிப் பொருத்தி உரிமம் எடுக்க வேண்டும் என்று ஆனது. அந்த வாரம் என்னைக் கூப்பிட்டு, "இத நாம முறையா பண்ணிடணும்" என்றார். உரிமத்துக்கு முன் இணையத்தில் ஒரு சின்னப் பாடம் முடிக்க வேண்டும். என் கைப்பேசியில் ஒவ்வொரு பக்கமாக வாசித்துத் தமிழில் சொன்னேன். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாட்டு நோட்டிலேயே குறிப்பெடுத்தார். ஜன்னலுக்கு வலை என்று வந்ததும் எழுந்துபோய் நாலு ஜன்னலையும் பார்த்து, சமையலறை வலையில் ஓர் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தார். உரிமம் வந்த அன்று கேசரி கிளறினார். வகுப்பு நடக்கும்போது வாசல் கதவைத் திறந்து வைத்தார். அந்த வீட்டில் நான் பார்த்த முதல் திறந்த கதவு அது.

2025 மார்ச்சில் ஒரு நாள் மாலை நாலு மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். கைப்பேசி கூடத்தில். 6:10-க்குக் கீழே பூனைகள் காத்திருந்தன, டீச்சர் வரவில்லை. சீன ஆன்ட்டி 6:30 வரை பார்த்திருக்கிறார். முப்பது வருடத்தில் ஒரு நாளும் தவறாத ஆள். உடனே மேலே போய்க் கதவைத் தட்டினார். உள்ளிருந்து குரல் வந்ததும் 995-ஐ அழைத்தார். இடுப்பு எலும்பு முறிவு. அவர் நேரம் தவறும் ஆளாக இருந்திருந்தால் விடியும்வரை யாரும் தேடியிருக்கமாட்டார்கள்.

இங்கே என் தவறையும் சொல்லியாக வேண்டும். மூத்தோர் வீட்டுக் குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத தரையும் போட்டுத்தர ஈஸ் என்ற அரசாங்கத் திட்டம் இருக்கிறது. 2012 முதல் நடப்பது, செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்கும். விண்ணப்பித்துத் தருகிறேன் என்று டீச்சரிடம் டிசம்பரிலேயே சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று மூன்று மாதம் போய்விட்டது. அந்தக் கைப்பிடி இருந்திருந்தால் விழுந்திருக்கமாட்டார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இரவில் விழிப்பு வரும்போதெல்லாம் எனக்கு அந்த வெறும் சுவர்தான் தெரிகிறது. உங்கள் வீட்டிலோ உங்களுக்குத் தெரிந்த வீட்டிலோ வயதானவர் தனியாகக் குளிக்கிறார் என்றால், படிப்பதை நிறுத்திவிட்டு அதற்கு விண்ணப்பியுங்கள்.

அன்றிரவு சாவி வாங்கி வீட்டைத் திறந்தேன். அஞ்சரை சோபாவுக்கு அடியில் இருந்தது. அதற்கு ஏதோ மாத்திரை உண்டு என்று மட்டும் தெரியும். எது, எவ்வளவு, எப்போது? ஒன்றும் தெரியாது. முப்பத்தெட்டு வருடப் பழக்கம், அந்த வீட்டின் ஒவ்வொரு கீர்த்தனையும் தெரியும், பூனை மாத்திரை தெரியாது. டீச்சருக்கு வலி மருந்தின் மயக்கம், கேட்க முடியவில்லை. அலமாரியில் மூன்று மருந்துப் பொட்டலம், எதிலும் பூனை என்று எழுதியில்லை. அதில் ஒன்று டீச்சருடையதாகக்கூட இருக்கலாம்.

பாட்டு நோட்டுகளைப் புரட்டினேன். சுரங்களுக்கு மேலே புள்ளி, கீழே புள்ளி, கமகத்துக்கு (சுரத்தை அசைத்துப் பாடுவதற்கு) ஒரு சுழி, மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு சின்ன டிக். கடைசி நோட்டின் ஓரத்தில் மட்டும் வேறு மாதிரிக் குறிப்புகள். "5½ – ¼ – இரவு." சில பக்கம் தள்ளி மறுபடி "5½ – ¼". இதை நான் முன்னாலும் பார்த்திருக்கிறேன். ஐந்தரைக் கட்டைச் சுருதி, தாளத்தில் கால் இடம் தள்ளித் தொடங்கும் பாட்டு, இரவு நேர ராகம் என்று நானாக ஓர் அர்த்தம் வைத்திருந்தேன். அன்றைக்கு அந்த வரியைப் பார்த்துக்கொண்டே நின்றபோது அஞ்சரை சோபாவுக்கு அடியிலிருந்து ஒருமுறை கத்தியது. அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை மருத்துவரிடம் பொட்டலங்களையும் நோட்டையும் கொண்டுபோனேன். சரிதான். வயதான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறோடு இரத்தக் கொதிப்பும் வரும், கவனிக்காவிட்டால் கண் பார்வை போகலாம். அதற்கான மாத்திரையில் கால் பங்கு, இரவில். ஐந்தரைக் கட்டை, கால் மாத்திரை, இரவு.

டீச்சர் ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். கடைசி சில வருடமாகவே காது மந்தம். முதுமையில் மெல்லிய, கூர்மையான ஒலிகள்தான் முதலில் போகும். அதனால் பேச்சில் 'ச'வும் 'ஃப'வும் கரைந்துவிடும், சொல் புரியாது. தாழ்ந்த சுரம் தங்கிவிடும். கத்திப் பேசினால் பயனில்லை. எதிரே உட்கார்ந்து, முகம் தெரிய, குரலைத் தாழ்த்தி, நிதானமாகப் பேச வேண்டும். தாதியர் உரக்கக் கேட்ட கேள்விகளுக்கு அவர் விழித்தார். ஒரு மதியம் நான் பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை முனகினேன். கண் திறக்காமல், "ரி கொஞ்சம் ஏறுது" என்றார். எதிர்ப் படுக்கைக்குப் பக்கத்தில் ஏதோ இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. அதுதான் இழுத்திருக்கிறது.

அந்த ஐந்து வாரத்தில் நல்ல நாட்கள் என்று ஆறோ ஏழோ இருந்திருக்கும். அவற்றில் நான் செய்தது ஒன்றைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். நோட்டை எடுத்துப்போவேன். 'எல்லாத்தையும் சொல்லுங்க டீச்சர்' என்று கேட்கமாட்டேன். அப்படிக் கேட்டால் பெரியவர்கள் "என்னத்தச் சொல்றது" என்று முடித்துக்கொள்வார்கள். ஒரே ஒரு குறியைக் காட்டுவேன். "இந்தச் சுழிக்குப் பக்கத்துல ஏன் ரெண்டு கோடு?" என்றால் கையை நீட்டி நோட்டை வாங்கிக்கொள்வார், பதில் பாட்டாக வரும். அனுமதி கேட்டுக் கைப்பேசியைத் தலையணை ஓரத்தில் மடித்த துண்டின்மேல் வைத்துப் பதிவு செய்தேன். முகத்துக்கு நேரே நீட்டினால் குரல் மாறிவிடும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகமாட்டேன். இப்படி இருபத்திமூன்று குறிகளுக்குப் பொருள் கிடைத்தது. இன்னும் பதினொன்று அப்படியே இருக்கின்றன.

ஒவ்வொரு நாளும் நான் உள்ளே நுழைந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். "சுடா மாக்கான்?" "சுடா டீச்சர், 6:10-க்கு." கீழே ஆன்ட்டியும் நானும் முறை போட்டுக்கொண்டிருந்தோம். நுரையீரலில் சளி கட்டி, ஏப்ரலில் ஒரு விடிகாலையில் போய்விட்டார். மண்டாயில் தகனம். மகன் வந்திருந்தார். ஆன்ட்டி ஒரு மூலையில் நின்று, எங்கள் வழக்கம் எதுவும் தெரியாமல், எல்லாரும் செய்ததைப் பார்த்துப் பார்த்துத் தானும் செய்தார்.

வீட்டைக் காலி செய்யும்போது கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின்னும் இரண்டு அட்டைப்பெட்டியும் நிறைய ஒலிநாடாக்கள். 41. எண்பதுகளின் வகுப்புகள். இந்த ஊர் ஈரத்தில் பலவற்றில் வெள்ளைப் பூஞ்சை. இதே நிலையில் யாரிடமாவது நாடாக்கள் இருந்தால் ஒன்று சொல்கிறேன்: ஆசையில் உடனே போட்டுக் கேட்காதீர்கள். பூஞ்சை பிடித்த நாடா கருவியின் தலையில் ஒட்டி, அடுத்த நல்ல நாடாவையும் கெடுத்துவிடும். நாடாவின் சின்ன ஜன்னல் வழியாக வெள்ளைப் பொடி தெரிகிறவற்றைத் தனியாக வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்தோம். நல்லவற்றை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, பழைய பிளேயரிலிருந்து கம்பி போட்டுக் கணினிக்கு மாற்றுகிறோம். ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும், குறுக்கு வழி இல்லை. இரைச்சலை நீக்கும் வேலையைப் பிரதியில்தான் செய்ய வேண்டும், மூலப் பதிவைத் தொடக் கூடாது. ஒரு நாடாவில் ஒன்பது வயதுக் குரல் ஒன்று, "யானை நிஜமாவே நி பாடுமா டீச்சர்?" என்று கேட்கிறது. பின்னணியில் பூனை. கட்டை என்னவென்று பார்த்தேன், அது அஞ்சரைக்கு முந்தைய தலைமுறை.

அஞ்சரை இப்போது என் வீட்டில். உரிமத்தை என் பெயருக்கு மாற்றியாகிவிட்டது. என் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மருந்தின் பெயர், அளவு, நேரம், மருத்துவர் எண், என்ன தீனி, எவ்வளவு, எந்த இடத்தில் ஒளிந்துகொள்ளும், எனக்கு ஏதாவது ஆனால் முதலில் யார், அவர் இல்லையென்றால் யார். சீன ஆன்ட்டி வீட்டிலும் கீழ்ப் பூனைகளுக்காக அதேபோல ஒரு தாள். ஆன்ட்டி சீனத்தில் எழுதினார், பக்கத்திலேயே நான் தமிழில். அவருக்கும் வயது 76.

வியாழக்கிழமை மாலை மகள் பாட்டுக்கு உட்கார்ந்தாள். குளிர்பெட்டியை அணைத்துவிட்டு வந்தாள், நான் சொல்லவில்லை. சுருதிப் பெட்டியைத் திருகப் போன கை நின்றது.

"அம்மா, அஞ்சரை அஞ்சுல கத்துது."

எனக்குக் கேட்கவில்லை. மறுபடி கத்தும் வரை இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். கத்தியது. நான் எழுந்து அலமாரி மேலிருந்த கூண்டை இறக்கினேன். அவள் துண்டை எடுத்து வந்தாள்.